‘வாழ்க்கைத் தரம்’ போதாது: ‘வாழ்நயம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘quality of life’ என்பதை, அதாவது நோயாளி தம் வாழ்வைத் தாமே எப்படி உணர்கிறார் என்பதை, தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் நடக்கும் உரையாடல் முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘வாழ்க்கைத் தரம்’ என்று ஒரு சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு என்று மதுரை ஐயா கேட்டிருக்கிறார். அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது, ஐயா. ஊதியம், வீடு, விலைவாசி என்று பொருளாதாரச் செய்திகளில் உட்கார்ந்துவிட்டது. நோயாளி தம் நாட்களை எப்படி உணர்கிறார் என்று கேட்க அதை அழைத்தால், வந்த இடத்திலும் பழைய வேலையையே பார்க்கிறது.

சென்ற ஆண்டு சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குத் தொண்டூழியராகப் போயிருந்தேன், தமிழ் தெரியாத தாதிக்கு (செவிலியருக்கு) மொழிபெயர்க்க. எண்பதைத் தாண்டிய பாட்டி, இதயம் பலவீனம். மருத்துவமனைக் கட்டிலுக்குப் பதிலாக வீட்டுக் கட்டிலிலேயே ஊசிமருந்து. “உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது?” என்று தாதி கொண்டுவந்த வினாத்தாளில் இருந்தபடியே படித்தேன். பாட்டி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மகன் வாங்கிய நான்கறை வீடு, கடன் அடைந்துவிட்டது, மின்தூக்கியும் இப்போது இந்த மாடியிலேயே நிற்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் தாதி குறியிட்டார்.

தாளை மடித்த பிறகு பணிப்பெண் தேநீர் கொண்டுவந்தார். பாட்டி தம் தம்ளரை மட்டும் தள்ளி வைத்தார். நான்கு மணிக்கு மேல் எதுவும் குடிப்பதில்லையாம். குடித்தால் இரவில் எழ வேண்டும்; எழ வேண்டுமென்றால் உறங்குகிற அந்தப் பெண்ணை எழுப்ப வேண்டும். “அதுவும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே” என்றார். நாங்கள் கேட்க வந்தது இதைத்தான். எந்தக் கட்டத்திலும் இது விழவில்லை.

தரம் என்பது வெளியே நிற்பவர் குத்தும் முத்திரை. முட்டைக்கும் தங்கத்துக்கும் அது பொருந்தும். உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் இதற்கென வினாத்தாள் உருவாக்கியபோது, ஒருவர் தம் பண்பாட்டுக்கும் விழுமியங்களுக்கும் நடுவே, தம் இலக்குகளையும் கவலைகளையும் வைத்து, தம் நிலையைத் தாமே எப்படிக் காண்கிறார் என்றுதான் வரையறுத்தது. அந்தப் பணி நடந்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று. நம் மொழி அந்த அவைக்குத் தாமதமாகப் போகவில்லை.

நான் முன்மொழிவது ‘வாழ்நயம்’. நயம் பருப்பு, நயம் நல்லெண்ணெய் என்கிறோம் அல்லவா? அங்கே சொல்லுவது கடைக்காரர் ஒட்டிய சீட்டன்று, சமைத்துத் தின்றவரின் நாக்கு. இன்னொரு வசதி, இது வினைத்தொகை: வாழ்ந்த, வாழ்கிற, வாழும் நயம். முதியோருக்கென்றே அதே நிறுவனம் பின்னர் அமைத்த 24 வினாக்களில் ஆறு கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்று கடந்த, நிகழ்கிற, வரப்போகிற செயல்களைப் பற்றியது. மூன்று காலமும் ஒளிந்திருக்கும் சொல் இதற்கு வாய்த்தது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

‘வாழ்நிறைவு’ வேண்டாம். மூச்சுத் திணறும் முதியவரிடம் போய் வாழ்நிறைவு பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றால் குடும்பம் நம்மைத் துரத்திவிடும். ‘நல்வாழ்வு’ தமிழ்நாட்டில் ஓர் அரசுத் துறையின் பெயராகிவிட்டது. மேலும் ‘குறைந்த நல்வாழ்வு’ என்று எழுதக் கை கூசுகிறது. ‘நயம் குறைந்தது’ என்று எழுதலாம், உறுத்தவில்லை.

அடுத்த சிக்கல், ‘home care’ என்பதற்குச் சொல்லப்படும் ‘இல்லப் பராமரிப்பு’. சிங்கப்பூரில் தாதிமை இல்லம், முதியோர் இல்லம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ‘இல்லம்’ என்றாலே பிள்ளைகள் கொண்டுபோய் விடும் இடம். ‘வீட்டுப் பராமரிப்பு’ என்றாலோ ஒழுகும் குழாயைச் சரிசெய்ய ஆள் வருகிறார் என்று நினைப்பார்கள். மருத்துவமனையைத் திருப்பிப் போட்டு ‘மனைமருத்துவம்’ என்று நண்பர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு பிடித்தும்போனது. ஆனால் தமிழ்நாட்டில் மனை என்றால் விற்பனைக்கு நிற்கும் நிலம். சிங்கப்பூரில் 2022 ஏப்ரலில் முன்னோட்டமாகத் தொடங்கி 2024 ஏப்ரல் முதல் வழக்கமான சேவையாகிவிட்ட ஏற்பாட்டை நான் ‘வீட்டில் உள்நோயாளிச் சிகிச்சை’ என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் யாரும் பயப்படுவதில்லை.

வினாத்தாளின் விடைகளுக்குத் தரும் எண்ணை (score) ‘மதிப்பெண்’ என்பதையும் தவிர்க்கலாம். ஐந்து கூறுகளைக் கேட்டுவிட்டு, இன்றைய உடல்நலத்தை 0 முதல் 100 வரையுள்ள கோட்டில் காட்டச் சொல்லும் ஒரு வினாத்தாள் உண்டு. அதில் ஒரு தாத்தா, “எத்தனை எடுத்தால் தேறலாம்?” என்று கேட்டார். ‘வாழ்நயப் புள்ளி’ போதும். வினாத்தாளுக்கு ‘வாழ்நய அளவை’.

ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். இந்தச் சொற்கள் கட்டுரைக்கும் அறிக்கைக்கும்தான். கட்டிலருகே ‘வாழ்நயம்’ என்று வாய்திறந்தால் அதுவும் பாட்டிக்குப் புரியாது. அங்கே, “இந்த இரண்டு வாரத்தில் எதையாவது வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா?” என்று கேட்டால் தம்ளர் கதை வரும்.

யாழ்ப்பாணத்து அம்மையாரிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கத்தில் ‘நயம்’ என்றதும் முதலில் மனத்துக்கு வருவது சிறப்பா, மலிவா? மலிவுதான் முந்துகிறதென்றால் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து