வளைவில் மட்டும் அடிப்பக்கம் நூல் கண்ணி விழுகிறது: எதை முதலில் மாற்றலாம்?

லாங்ஆர்ம் மெஷின் (சட்டத்தில் விரித்த குயில்ட் துணிமேல் தையல் தலையை நகர்த்தித் தைப்பது) ஓட்டுபவர்கள் கொஞ்சம் உதவுங்கள். பின்பக்கம் நின்று, லேசர் புள்ளியை பேண்டோகிராஃப் தாளின் (டிசைன் கோடு அச்சிட்ட நீளத் தாள்) கோட்டில் நகர்த்தித் தைக்கும்போது நேர்கோடு சுத்தமாக வருகிறது. சுருளிலும் இலை வளைவிலும் மட்டும் மேல்நூல் அடித்துணியில் இமைமயிர் மாதிரி கண்ணி கண்ணியாக நிற்கிறது. வலமிருந்து இடம் போகும்போது இன்னும் மோசம்.

மேலும் கீழும் 40 எண் பாலியஸ்டர் நூல், 18 எண் ஊசி (புதுசு), அங்குலத்துக்கு 10 தையல், ரெகுலேட்டர் ஓடுகிறது. பாபின் (அடிநூல்) பெட்டியை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்கிறது. நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்கிறது, பஞ்சும் துடைத்தாயிற்று.

மேல் டென்ஷனைக் கால் சுற்று இறுக்கினால் கண்ணி குறைகிறது, ஆனால் கூர்முனைகளில் நூல் அறுகிறது.

வளைவில் கை வேகம் கூடி ஊசி வளைகிறதோ என்று சந்தேகம். ரெகுலேட்டர் தையல் நீளத்தைத்தான் காக்கும், ஊசி வளைவதைத் தடுக்காதே! ரோலரில் துணி மத்தளம் மாதிரி இறுகியிருப்பதும் காரணமாகுமா? பாபினைத் தளர்த்திவிட்டு மேலே குறைவான டென்ஷனில் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? ஹூக் டைமிங்கை (ஊசியும் நூலைப் பிடிக்கும் ஹூக்கும் சந்திக்கும் நேரத்தை) தொடுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.