அக்கரையில் ஏற, இறங்க வழி: எந்த வகை மேம்பாலம் பொருந்தும்?

நெய்தல்வாசி (கேள்வி)

சென்னையில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மேல் வரப்போகும் திருவான்மியூர் – உத்தண்டி உயர்மட்டச் சாலை 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதிலிருந்து எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதே பேச்சுதான். பனையூர், உத்தண்டி, கானாத்தூர் பக்கம் வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. ஓஎம்ஆருக்கு (பழைய மாமல்லபுரம் சாலை) போக சோழிங்கநல்லூர் – அக்கரை இணைப்புச் சாலைதான் வழி. அது ஈசிஆரில் வந்து முட்டும் இடத்தில் கத்திப்பாரா மாதிரி குளோவர்லீஃப் (நான்கு மூலையிலும் வட்டமாகச் சுற்றும் பாதை கொண்ட மேம்பாலம்) கேட்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. சிக்னலோடு இரண்டு ராம்ப் (ஏறி இறங்கும் சரிவுப் பாதை) போதும் என்கிறது இன்னொரு தரப்பு. மனு எழுதுவதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த வடிவம் அங்கே பொருந்தும்? எவ்வளவு நிலம் போகும்? பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் எது சொதப்பும்?

கோணமானி

கத்திப்பாரா நான்கு கை சந்திப்பு. அக்கரையில் மூன்று கைதான்: வடக்கு, தெற்கு, மேற்கு. கிழக்கே கடல். அதனால் குளோவர்லீஃப் என்ற பேச்சே அங்கே எழாது.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தெற்கிலிருந்து வந்து ஓஎம்ஆர் போவது இடது திருப்பம், ஓஎம்ஆரிலிருந்து திருவான்மியூர் பக்கம் போவதும் இடது. இரண்டுக்கும் தனி லேன் போதும். சிக்கல் இரண்டு வலது திருப்பங்களில் இருக்கிறது: நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கத்திலிருந்து ஓஎம்ஆருக்கு, ஓஎம்ஆரிலிருந்து பனையூர், உத்தண்டிக்கு. இதைக் கவனியுங்கள்: உங்கள் பகுதிக்காரர்களுக்குக் காலையில் இடது, மாலையில்தான் வலது. காலை நெரிசலை மட்டும் மனுவில் எழுதினால் உங்களுக்கு வேண்டிய ராம்ப் கணக்கிலேயே வராது.

நிலக் கணக்கு. லூப்பில் (வட்டமாகச் சுற்றும் ராம்ப்) மணிக்கு 40 கி.மீ. வேகம், சாலையின் குறுக்குச் சாய்வு 7%, உராய்வு 0.15 என்றால் ஆரம் = 40² ÷ (127 × 0.22), அதாவது 57 மீட்டர். 60 என்று வைப்போம். முக்கால் வட்டம் சுற்ற சுமார் 280 மீட்டர் நீளம். விட்டமே 120 மீட்டர். வெளிச்சுற்று ராம்பையும் சேர்த்தால் ஒரு மூலைக்குக் குறைந்தது 150 × 150 மீட்டர், ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர். மூன்று கை சந்திப்புக்கு ட்ரம்பெட் (எக்காள) வடிவம் சொல்வார்கள். அதில் லூப் ஒன்றுதான், ஆனால் தெற்கு நோக்கிப் போகும் பாதை கிழக்கு ஓரத்தில் இருப்பதால் அந்த லூப்பும் கடல் பக்கமே விழும். அங்கே நெருக்கமாக வீடுகள், அதைத் தாண்டினால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்.

எனக்குச் சரியாகப் படுவது இது. அக்கரையில் மட்டும் பிரதான மேல்தளத்தை, அதாவது உயர்மட்டச் சாலையை, ஒரு அடுக்கு கூட உயர்த்த வேண்டும். தரையிலிருந்து 5.5 மீட்டர் இடைவெளி, 2 மீட்டர் கர்டர் (பாலத்தைத் தாங்கும் உத்திரம்) ஆழம்: முதல் அடுக்கு 7.5 மீட்டரில் வரும். ஓஎம்ஆரிலிருந்து தெற்கே திரும்பும் ராம்ப் அந்த அடுக்கில் வளைந்து, 15 மீட்டரில் போகும் பிரதான தளத்துக்கு அடியில் நுழைந்து, கிழக்கு ஓரத்தில் இறங்கும். வளைவின் பெரும்பகுதி மேற்கிலேயே முடிந்துவிடும். கிழக்கில் 7 – 8 மீட்டர் அகலப் பட்டை போதும். பிரதான தளம் 7.5 மீட்டர் கூடுதலாக ஏற 3% சரிவில் இரு பக்கமும் 250 மீட்டர், அதோடு செங்குத்து வளைவுக்கான நீளமும் வேண்டும். ராம்ப் சாய்வாகக் குறுக்கிடுவதால் 30 – 35 மீட்டர் ஸ்பான் (தூணுக்குத் தூண் இடைவெளி) போதாது. 50 – 60 மீட்டர் ஸ்டீல் கர்டரோ, போர்ட்டல் (வாசல் வடிவ) தூணோ தேவைப்படும்.

இதையெல்லாம் தளத்தின் உயரமும் தூண் இடங்களும் வரைபடத்தில் முடிவாவதற்கு முன்பே கேட்க வேண்டும். தூண் நின்றபிறகு 7.5 மீட்டர் உயர்த்தவே முடியாது. மனுவின் முதல் பத்தி இதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று: 15 நிமிடத்துக்கு ஒருமுறை, திருப்பம் வாரியாக வண்டி எண்ணிக்கை கேளுங்கள். வார நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று. மாமல்லபுரம் போய்த் திரும்பும் கூட்டத்தால் ஈசிஆரின் உச்ச நேரம் ஞாயிறு மாலையிலும் வரும். ஐஆர்சி 92 (இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டி நூல்) நகர்ப்புற இன்டர்சேஞ்சுக்கு (அடுக்குச் சந்திப்பு) சொல்லும் அளவு எல்லாக் கைகளும் சேர்த்து மணிக்கு 10,000 பிசியு (எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றும் அலகு). டூவீலரை 0.5 என்று போட்டார்களா, 0.75 என்று போட்டார்களா என்று பாருங்கள். நம் ஊரில் விடை அதில்தான் மாறும்.

களிமண்

கால்வாய்ப் பக்கம் பற்றி. ஈசிஆர் ஓரம் மணல் மேடு. மேற்கே கால்வாயை நெருங்க நெருங்க மென்களிமண். இணைப்புச் சாலையிலிருந்து ராம்ப் ஏறத் தொடங்கும் இடம் சரியாக இந்தக் களிமண்ணில் விழும்.

6 மீட்டர் களிமண் அடுக்கு, மேலும் கீழும் நீர் வடியும், இறுகும் கெழு (களிமண் நீரை விட்டு இறுகும் வேகம்) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று வைத்தால் 90% இறங்க 0.848 × 3² = சுமார் ஏழரை ஆண்டு (0.848 என்பது 90%-க்கான காரணி, 3 என்பது பாதி அடுக்கின் மீட்டர்). அதன்மேல் மண் கொட்டி ஆர்.ஈ. சுவர் (வலுவூட்டிய மண் சுவர்) கட்டி உடனே தார் போட்டால், பைல் (ஆழத்தில் இறக்கும் அடித்தளத் தூண்) மேல் நிற்கும் பாலம் அசையாது, ராம்ப் மட்டும் இறங்கும். பாலம் தொடங்கும் இடத்தில் வண்டி தூக்கிப் போடுவது இதனால்தான். மேலே மேலே தார் போட்டால் பாரம் கூடி இன்னும் இறங்கும்.

வழி இரண்டு. ஒன்று, 1.2 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் பிவிடி எனும் செங்குத்து வடிகால் பட்டைகள் இறக்கி, மேலே மணல் விரித்து, கூடுதல் மண் பாரம் ஏற்றிக் காத்திருப்பது. கிடைமட்ட இறுகும் கெழு 2 என்றால் ஏறத்தாழ ஆறு மாதத்தில் 90% வந்துவிடும். பட்டை இறக்கும்போது களிமண் குழம்புவதால் இன்னும் சில மாதம் கூடும். மண்ணை அரை மீட்டர், ஒரு மீட்டராகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு நான்கு மீட்டரை ஒரே மூச்சில் கொட்டினால் ஓரம் பிதுங்கிச் சரியும். இறக்கத் தகடும் பீசோமீட்டரும் (மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் கருவி) வைத்து வாரந்தோறும் அளவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, மண் ராம்பை 2 – 3 மீட்டர் உயரத்தோடு நிறுத்திவிட்டு, மீதியைத் தூண் மேல் கொண்டுபோவது. செலவு கூடும். ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன், காத்திருக்கும் மாதங்களைப் பெரும்பாலும் யாரும் காத்திருப்பதில்லை.

பைல் போடும்போது நடக்கும் தவறுகள்: நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் பென்டோனைட் (குழிச்சுவரைத் தாங்கும் களிமண் கரைசல்) திரிந்து அடியில் தங்கும், குழிச்சுவர் சரியும். நல்ல தண்ணீரில் முன்கூட்டியே ஊறவைத்துக் கலக்க வேண்டும், அல்லது பாலிமர் பயன்படுத்த வேண்டும். களிமண் முடியும் வரை நிரந்தர ஸ்டீல் லைனர் (உறைக்குழாய்) இல்லாவிட்டால் பைல் நடுவில் இடுப்பு ஒடுங்கும். கான்கிரீட்டை அடியில் இறக்கும் ட்ரெமி குழாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் 2 மீட்டர் புதைந்திருக்க வேண்டும். தலைப்பக்கம் 600 மி.மீ. கூடுதலாக ஊற்றி, பிறகு உடைத்தெடுக்க வேண்டும்.

கான்கிரீட் தண்ணீர்: கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 (இந்தியத் தர விதி) அனுமதிக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராம். கடலோர போர் தண்ணீர் இதைச் சுலபமாகத் தாண்டும், டேங்கர் தண்ணீரையும் சோதிக்காமல் விடக் கூடாது. க்யூரிங்குக்கும் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது) இதே தண்ணீர்தான், அங்கேதான் ஏமாற்று நடக்கும். ஐஆர்சி 112-இல் 'மிகக் கடுமையான' சூழலுக்கு எம்40 தரக் கான்கிரீட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.40, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் தடிப்பு) 50 மி.மீ. அந்த இடைவெளியைப் பிடிக்கும் கவர் பிளாக்கும் அதே தரக் கான்கிரீட்டில் இருக்க வேண்டும். மட்டமான கலவையில் செய்த பிளாக் வழியாகத்தான் உப்பு முதலில் கம்பியைத் தொடும்.

நெய்தல்வாசி

மிக்க நன்றி. மாலை வலது திருப்பத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. அனுமதிகள், மழைநீர் பற்றி யாராவது சொன்னால் மனு முழுமையாகும்.

மதகு

கால்வாயில் அலை ஏறி இறங்கும் பகுதி கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும். ஆகவே கடலிலிருந்து தூரம் என்று மேற்குப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். உயர் அலைக் கோடு போட்ட வரைபடம் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் பகுதி என்பதால் நீர்வளத் துறையோடு உள்நாட்டு நீர்வழி ஆணையத்தின் சம்மதமும் வேண்டும். கால்வாய்க்குள் தூண் இல்லாமல் ஒரே ஸ்பானில் தாண்டினால் பாதிக் கேள்விகள் எழாது.

பள்ளிக்கரணை நீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கு வந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடல் சேரும். மண் ராம்ப் ஒவ்வொன்றும் அக்கம்பக்கத் தெரு நீருக்கு அணை. களிமண் சொன்ன தூண் வழியை நான் ஆதரிப்பது இதற்காகவும்தான். 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் வெள்ள மட்டங்களைக் குறித்து மனுவோடு இணையுங்கள். கால்வாய் ஓர பைல் வேலையை ஜனவரியில் தொடங்கி செப்டம்பருக்குள் முடித்து, தற்காலிக மண் மேடுகளை அக்டோபருக்கு முன் அகற்ற வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனையாகவே வர வேண்டும். கால்வாயில் விட்டுப்போன அந்த மண்தான் அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீரை நிறுத்தும்.

குழாய்களை மறக்காதீர்கள். பிரதான குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, உயரழுத்த மின்கேபிள் மூன்றையும் சோதனைக் குழி தோண்டிப் பார்த்த பிறகே தூண் இடம் குறிக்க வேண்டும். பழைய வரைபடத்தை நம்பிக் குறித்தால் பைல் கேப் (பைல் தலைகளை இணைக்கும் கான்கிரீட் மேடை) குழாய் மேல் உட்காரும். பிறகு குழாயை மாற்றும் வரை ரிக் (பைல் துளையிடும் இயந்திரம்) சும்மா நிற்கும்.

கோணமானி

மதகு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிழக்கு ஓரத்தில் ராம்ப் இறங்கும் இடத்திலிருந்து அடுத்த பஸ் நிறுத்தமும் யூ டர்னும் 200 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இறங்கிய உடனே பஸ் நின்றால் வரிசை ராம்ப் மேலேயே ஏறி ஓஎம்ஆர் வரை நீளும். நிறுத்தத்தை எங்கே மாற்றுவது என்று உங்கள் சங்கமே இடம் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.