ஆடியோவை இழுத்துவிட்டது யார்? சீக்கிங் நிகழ்வோடு பட்ட பாடு

ஒரு பயிற்சித் தளத்தில் பாடத்தைக் கேட்காமலே ஆடியோவைக் கடைசிக்கு இழுத்துவிட்டு 'முடித்தாயிற்று' என்று பதிவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

அங்கே ஏற்கெனவே இருந்த நிரல், டைம்அப்டேட் நிகழ்வு (ஆடியோ ஓடும்போது உலாவி அவ்வப்போது தரும் அறிவிப்பு) வரும்போதெல்லாம் ஆடியோ ஓடிய நேரத்தை முந்தைய நேரத்தோடு ஒப்பிட்டது. 1 வினாடிக்கு மேல் இடைவெளி இருந்தால், பயனர் இழுத்துத் தாவினார் என்று கணக்கு. கனமான ஸ்கிரிப்ட் ஏதாவது பக்கத்தை அடைத்துக்கொண்டால் அந்த நிகழ்வு தாமதமாகும். 2 மடங்கு வேகத்தில் கேட்டால் இடைவெளியும் இரட்டிப்பாகும். ஒழுங்காகக் கேட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

அதைத் தூக்கிப்போட்டுவிட்டு சீக்கிங், சீக்கிட் நிகழ்வுகளுக்கு வந்தேன். தாவல் தொடங்கும்போது முதலாவது, முடிந்ததும் இரண்டாவது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சீக்கிங் வந்து சேரும்போதே கரன்ட்டைம் (ஆடியோ இப்போது நிற்கும் நேரம்) புது இடத்தைக் காட்டும். எங்கிருந்து தாவினார் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதனால் டைம்அப்டேட்டில், ஆடியோவின் சீக்கிங் பண்பு (தாவல் நடந்துகொண்டிருக்கிறதா என்று சொல்வது; நிகழ்வின் பெயரேதான்) பொய்யாக இருக்கும்போது மட்டும், நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போனால் நிகழ்வுகள் மழையாகக் கொட்டும். முதல் சீக்கிங்கைத் தொடக்கமாக எடுத்து, கடைசி சீக்கிட்டுக்குப் பிறகு 300 மில்லிவினாடி அமைதி இருந்தால்தான் ஒரு தாவல் என்று எண்ணினேன்.

அப்புறம், தாவியது பயனரா, நம் ஸ்கிரிப்ட்டா? நிகழ்வை உலாவியே எழுப்பியதா என்று சொல்லும் இஸ்டிரஸ்டட் பண்பு உதவாது; இரண்டுக்கும் உண்மை என்றே வரும். கரன்ட்டைமை நாமே மாற்றும் இடத்தில் ஒரு கொடி (நாம்தான் மாற்றினோம் என்ற குறி) வைத்து, சீக்கிட்டில் எடுத்துவிட வேண்டியதுதான். லூப் (முடிந்ததும் தானே மறுபடி ஓடும் அமைப்பு) போட்டிருந்தால், பாட்டு முடிந்து முதலுக்குத் திரும்புவதுகூட சீக்கிங்தான். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை!

உண்மையில் அவர்கள் கேட்டதற்கு இவ்வளவு தேவையே இல்லை. பிளேய்டு என்ற பண்பு எந்தெந்தப் பகுதி ஓடியது என்று அப்படியே தரும். கூட்டிப் பார்த்தால் போதும். பக்கத்தை மறுபடி ஏற்றினால் அது காலியாகிவிடும் என்பதால் அவ்வப்போது சேமித்துக்கொள்ளுங்கள்.

—

மேலே எழுதியவருக்கு நேர்ந்தது ஒன்று; எனக்கு நேர்ந்தது வேறு. நிகழ்வுகள் சரியாக வந்தன, ஆனால் குரோமில் எங்கே இழுத்தாலும் ஆடியோ முதலுக்கே போனது. ஸ்கிரிப்ட்டைக் குடைந்து பயனில்லை. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்கு, சர்வர் 206 (பகுதி மட்டும்) என்று பதில் தராமல் முழுக் கோப்பையும் 200 (சாதாரண பதில்) என்று அனுப்பிக்கொண்டிருந்தது. சர்வரில் சரிசெய்ததும் குரோமில் சரியானது.