பொருள்: மறுமொழி: கேபிளில் சிக்னல் குறைவது – தணிப்பு, தேய்வு, மெலிவு?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> அட்டெனுவேஷனுக்கு, அதாவது சிக்னல் குறைவதற்கு, 'தணிப்பு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

தணிப்பு நாம் வேண்டுமென்றே செய்வது. சிக்னல் மிகுந்துவிட்டால் இடையில் ஒரு சின்ன உருளையைப் போட்டுக் குறைக்கிறோமே, அதற்குப் பொருந்தும். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து தரைத்தள வீடு வரை 60 மீட்டர் கேபிள் இழுத்தால் சிக்னல் தானாகவே குறைகிறது. அதற்குத் தன்வினைப் பெயர் வேண்டும்.

> அப்படியானால் 'தேய்வு'?

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் 'கேபிள் தேய்வு' என்று எழுதிப் பாருங்கள். கேபிளே தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை 'மெலிவு'. தானாகக் குறைந்தால் மெலிவு, நாம் குறைத்தால் மெலிப்பு, குறைக்கும் கருவி மெலிப்பான். ஒரே வேரில் மூன்றும் கிடைக்கின்றன.

> 'இழப்பு' என்று பொதுவாகச் சொன்னால் எல்லாம் அடங்கிவிடுமே?

அடங்குவதுதான் சிக்கல். ஒரே கேபிளில் இரண்டு வேறு கோளாறுகள் நடக்கின்றன. ஒன்று, சிக்னல் கீழே வரும்போது நடப்பது. எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் பொருத்தியிருக்கும் சிக்னல் வாங்கி) வானிலிருந்து வரும் அலைவரிசையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்சுக்கு இறக்கிக் கீழே அனுப்புகிறது. டிஷ்ஷுக்கு வழக்கமாகப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் 100 மீட்டருக்கு 1000 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 20 டெசிபெல் (சிக்னல் குறைவதை அளக்கும் அலகு) போகும், 2150-இல் 30 வரை போகும். அதனால்தான் நீளம் கூடக்கூட, 2150-ஐ ஒட்டிய மேல்முனைச் சேனல்கள் முதலில் கட்டம் கட்டமாக உடைகின்றன, கீழ்முனையில் இருப்பவை நன்றாகவே ஓடுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வைக் கேபிள்காரர்கள் டில்ட் என்கிறார்கள். அதற்குச் 'சாய்வு' போதும், யாரும் குழம்பமாட்டார்கள். அதைச் சரிசெய்யும் கருவியான ஈக்குவலைசரைச் 'சாய்வுநீக்கி' எனலாம்.

மற்றது எதிர்த்திசையில் நடப்பது. செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியே எல்என்பிக்கு மின்சாரம் அனுப்புகிறது: 13 வோல்ட் என்றால் வெர்டிகல் (செங்குத்தாக அதிரும் அலையில் வரும் சேனல்கள்), 18 என்றால் ஹாரிசான்டல் (கிடையாக அதிரும் அலையில் வருபவை). செம்பு பூசிய எஃகுக் கம்பி, துருப்பிடித்த கனெக்டர், நீண்ட ஓட்டம் மூன்றும் சேர்ந்தால், 18 மேலே போய்ச் சேரும்போது 15-க்கும் கீழே வந்துவிடலாம். எல்என்பி அதை 13 என்று எடுத்துக்கொள்ளும், ஹாரிசான்டல் சேனல்கள் மொத்தமாக மறையும். இதற்கு 'மின்னழுத்த இறக்கம்' என்ற பழைய சொல்லே சரி.

இரண்டையும் 'இழப்பு' என்று எழுதினால், படிப்பவர் இரண்டுக்கும் ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் போடுவார். அதுவும் அதே கம்பியிலிருந்து மின்சாரம் உறிஞ்சும், இரண்டாவது கோளாறு இன்னும் மோசமாகும். அங்கே தேவை முழுச் செம்புக் கம்பி.

– – –

மறுமொழி:

மெலிவு சரி, ஏற்கிறேன். சாய்வுநீக்கி மட்டும் இடிக்கிறது. அது சாய்வை நீக்குவது கீழ்முனையைக் குறைத்துச் சமமாக்கித்தானே? 'சமனி' என்றால் சுருக்கமாகவும் இருக்கும்.

– – –

மறுமொழி:

சமனி நன்று, எடுத்துக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபயருக்கு நம் பட்டியலில் உள்ள 'பெருக்கி' இருக்கட்டும். ஆனால் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும்: பெருக்கியை டிஷ் பக்கம் வைக்கவேண்டும். டிவி பக்கம் வைத்தால், அங்கே வருவதற்குள் மெலிந்துபோன சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.