வயது வந்தபின் படிக்க வந்தவர்கள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஹட்டன் வாத்தியார்
தோட்டத்து மாலை வகுப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற கொழுந்துப் பெண்கள். இலங்கையில் 1869இல் கோப்பியில் துரு நோய் கண்டதையும் பிறகு மலையெங்கும் தேயிலை ஏறியதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா இடைமறித்தார்: "அந்த நோய் இலைக்கு மேலேயா, அடியிலேயா வரும், சேர்?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது! பக்கத்து அறை விஞ்ஞான ஆசிரியரை அழைத்தேன். அடியில், செம்மஞ்சள் பொடியாக என்றார். "அப்படியானால் தேயிலையில் வருகிற கொப்புள நோய் மாதிரி இல்லை, அது இளங்கொழுந்தைத்தானே பிடிக்கும்" என்றவர், அதே மூச்சில் "கோப்பி செத்தபோது எங்கள் ஆட்கள் என்ன ஆனார்கள்?" என்றார். இப்போது விஞ்ஞான ஆசிரியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துகிறது.

பதுளைக்காரன்
விடை செடியிலேயே இருக்கிறதே. கோப்பிக்குப் பறிப்புக் காலம் உண்டு; ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் வந்து இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்து, காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும், அதனால் குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தங்க வேண்டியதாயிற்று. தாவரவியலையும் வரலாற்றையும் வேறு வேறு அறையில் வைத்ததுதான் கோளாறு.

நுவரெலியா
பதுளைக்காரரே, அந்த அம்மா கேட்டது இடையில் வேலையற்றுப் போனவர்களை. கோப்பிக்குப் பதிலாகக் கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரமும் நடப்பட்டது, அதன் விலையும் விழுந்தது, அதையெல்லாம் தாண்டிவிட்டீர்கள்.

என் கதை சிறியது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் சுற்றாததையும் பல வருடம் பார்த்துக் குறித்தவர். ஈரம் ஆவியாகும்போது குளிரும், இரண்டு அளவின் வித்தியாசம் காற்றின் ஈரத்தைச் சொல்லும் என்ற ஆவியாதல் பாடத்தன்று எழுந்து நின்றுவிட்டார். "இதற்காகவா இரண்டு!" என்றார்.

வகுப்பு நடத்துகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெரியவர்களைச் சிறுவர் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், முழங்கால் வலியில் பாடம் ஏறாது. கொழுந்து நிறுக்கும் நேரம் தெரியாமல் வகுப்பு நேரம் குறிக்காதீர்கள். கணக்கைச் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். பிடித்தங்களைக் கூட்டிப் பார்க்கும் ஆர்வம் வேறெதிலும் வராது. மேலே படிக்க விரும்புகிறவர்களிடம் திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறியைச் சொல்லுங்கள், அதற்கு உயர்தரப் பரீட்சைச் சித்தி கேட்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகளின் பாடநூலை...

ஹட்டன் வாத்தியார்
ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. சிங்கோனாத் தோட்டங்களில் நம் ஆட்கள் பட்டதைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். அந்த அம்மா வியாழக்கிழமை வருவார்.