பி.ஆர்.கே. லேசர் சிகிச்சைக்குப் பின் செயற்கைக் கண்ணீர் விடுவது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துமா?

கேள்வி:
வணக்கம். என் கருவிழி (கார்னியா) மெல்லியதாக இருப்பதால், அதில் மடல் வெட்டிச் செய்யும் லாசிக்கைத் தவிர்த்து, மடல் வெட்டாமல் பார்வைக் குறையைத் திருத்தும் பி.ஆர்.கே. லேசர் சிகிச்சையைச் செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறியுள்ளார். கருவிழி ஆறுவதற்குக் கண்ணீரிலுள்ள புரதங்கள் துணைபுரிகின்றன என்று படித்தேன். அப்படியானால், அடிக்கடி விடச் சொல்லும் செயற்கைக் கண்ணீர் அப்புரதங்களை நீர்த்துவிடாதா? யாருக்கு நன்றாக ஆறும் என்பதைக் கண்ணீர்ப் பரிசோதனையால் முன்கூட்டியே அறிய இயலுமா?

பதில் 1:
கருவிழியில் இரத்த நாளங்கள் இல்லை. ஆகவே, பிற இடங்களில் இரத்தம் கொண்டுவந்து சேர்ப்பவற்றில் பலவற்றை இங்கே கண்ணீர்தான் தர வேண்டியுள்ளது. லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற புரதங்கள் கண்ணீரில் மிகுதியாக இருந்தாலும், அவற்றின் முதன்மைப் பணி கிருமிகளைத் தடுப்பதே. புண்ணை மூடும் வேலையைத் தூண்டுபவை மிகச் சிறிய அளவில் உள்ள வளர்ச்சிக் காரணிகள். வழக்கமான பி.ஆர்.கே.யில், சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள எபிதீலியம் என்னும் மேற்படலத்தை அகற்றிய பின்னரே 193 நானோமீட்டர் அலைநீள லேசரைச் செலுத்துகிறார்கள். ஈ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணி எஞ்சிய எபிதீலியச் செல்களைப் பெருகவும் நகரவும் தூண்ட, அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களில் பரப்பை மூடிவிடுகின்றன. ஆனால் புரதம் கூடக்கூட நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். டி.ஜி.எஃப். பீட்டா என்னும் மற்றொரு வளர்ச்சிக் காரணி, அடியிலுள்ள கெரட்டோசைட் செல்களைத் தழும்பு உண்டாக்கும் செல்களாக மாற்றக்கூடியது. அது மிகுந்தால் கருவிழி மங்கும். அதிக பவரைத் திருத்தும்போது 0.02 சதவீத மைட்டோமைசின் சி மருந்தைச் சிறிது நேரம் வைப்பது இதைத் தடுக்கத்தான்.

பதில் 2:
நீர்த்தல் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே. கண்ணின் மேற்பரப்பில் நிற்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டு மருந்து அதைவிடப் பல மடங்கு பெரியது. எனினும் மிகுதி சில நிமிடங்களில் வடிந்துவிடுகிறது, சுரப்பியோ தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கிறது. இங்கே பார்க்க வேண்டியது செறிவை மட்டும் அன்று, ஒரு நிமிடத்தில் எவ்வளவு புரதம் வந்து சேர்கிறது என்பதையும்தான். சிகிச்சைக்கு அடுத்த நாட்களில் வலியால் கண்ணீர் பெருகுவதால், செறிவு குறைவாகத் தோன்றினாலும் வந்து சேரும் அளவு கூடுதலாக இருக்கலாம். ஒருமுறை எடுத்த கண்ணீர் மாதிரியைக் கொண்டு ஆறும் வேகத்தைக் கணிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைமுறையில் உள்ள ஒரு சோதனை, எம்.எம்.பி.-9 என்ற நொதி மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமுக்கு மேல் உள்ளதா என்று பார்ப்பது. அது கண்பரப்பின் அழற்சியைக் காட்டுமே தவிர, எப்போது ஆறும் என்று சொல்லாது. ஆனாலும் கண் வறட்சி இருந்தால், அதை அறுவைக்கு முன்பே சரிசெய்துகொள்வது மிக முக்கியம் என்று கருதுகிறேன். கண்ணீர் சுரக்கத் தூண்டும் கருவிழி நரம்பு நுனிகளும் லேசரால் அழிவதால், பின்னர் சில மாதங்கள் கண்ணீர் குறையக்கூடும். செயற்கைக் கண்ணீர் அப்போது மிகவும் பயன்படும். கெடாமல் காக்கும் வேதிப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காத சொட்டு மருந்தைக் கேட்டுப் பெறுங்கள். அப்படிச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு எபிதீலியத்தைப் பாதிக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நோயாளியின் இரத்தத்திலிருந்தே தயாரிக்கும் சீரம் சொட்டு மருந்தை முன்கூட்டியே கேட்கலாமா?

பதில் 1:
அது பெரும்பாலும் ஆறாமல் நிற்கும் புண்ணுக்கும் கடுமையான வறட்சிக்கும் உரியது. இயல்பாக ஆறும் கண்ணுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. மேலும், சீரத்தில் டி.ஜி.எஃப். பீட்டா கண்ணீரில் உள்ளதைவிட மிகுதி என்பதால், அதைப் பல இடங்களில் 20 சதவீதமாக நீர்த்தே பயன்படுத்துகிறார்கள்.