பெரிய இடி விழுந்த கையோட மழை ஊத்துதே, ரெண்டுக்கும் என்ன தொடர்பு?

வட்டக்கச்சிப் பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். கனநாளா மண்டைக்குள்ள கிடக்கிற கேள்வி, விசயம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ. ஐப்பசி எண்டா இஞ்ச கிளிநொச்சிப் பக்கம் வழமைதானே, மத்தியானம் வரைக்கும் வெயில் மண்டையப் பிளக்கும், பின்னேரம் மூண்டு நாலு மணிக்குக் கறுத்துக்கொண்டு வரும், பிறகு இடி மின்னல் மழை. நேற்று புழுதி விதைச்ச வயலைப் பாக்கப் போய் மழைக்குக் கொட்டிலுக்குள்ள ஒதுங்கி நிண்டனான், சும்மா தூறிக்கொண்டுதான் இருந்தது, திடீரெண்டு ஒரு இடி, காதடைச்சுப் போச்சு, ஒரு நிமிசமோ ரெண்டு நிமிசமோ இருக்கும், வாளியக் கவிட்ட மாதிரி ஒரு ஊத்து. எங்கட அப்பப்பா இதுக்கு "முகில் உடைஞ்சிட்டுது" எண்டுவார், இடிதான் முகிலை உடைக்குதாம். ஆனா மார்கழி அடைமழைக்கு இடி பெரிசா இல்லையே? 2018 மார்கழி வெள்ளத்துக்கு இரவிரவா ஊத்தி இரணமடுக் குளத்து வான்கதவு திறந்து கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம், அண்டைக்கு இடிச்ச ஞாபகமே எனக்கில்ல.

ஒட்டுசுட்டான் மச்சான்:
2018இல இடிக்கேல்லையோ? நீர் நல்ல நித்திரை போல கிடக்கு. எங்கட பக்கம் இடிச்சது.

பழைய வாத்தி:
தம்பி, அப்பப்பா பாத்தது சரி, சொன்ன காரணம்தான் மறுவளம். இடி மழையக் கொண்டுவாறேல்ல, ரெண்டும் ஒரு தாய்ப் பிள்ளையள். தாய் ஆரெண்டா கீழயிருந்து மேல ஏறுற சூடான ஈரக்காத்து. ஐப்பசியில நிலம் சுட, காத்தும் பெரிசா அடிக்காத காலம், அந்த ஈரக்காத்து நெட்டுக்குத்தா ஏறி முகிலை 15 கிலோமீற்றர் வரைக்கும் கூடக் கொண்டுபோகும். எங்கட பக்கத்தில ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு மேல எல்லாம் உறைநிலைக்குக் கீழதான். அங்க நுண்ணிய பனிப் பளிங்கு இருக்கும், உறையாம இருக்கிற குளிர்தண்ணித் துளி இருக்கும், அந்தத் துளியள் ஒட்டி ஒட்டிச் சவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டையளும் உண்டாகும், ஆலங்கட்டியின்ர குட்டித் தம்பி எண்டு வையுங்கோ. பளிங்கு மேல போக, சவ்வரிசி பாரத்தில கீழ இறங்க, ரெண்டும் மோதுப்படேக்க மின்னேற்றம் கைமாறுது. பெரும்பாலும் சவ்வரிசி மறையேற்றத்தோட நடுவில நிக்கும், பளிங்கு நேரேற்றத்தோட உச்சிக்குப் போயிடும். ரெண்டு ஏற்றத்துக்கும் இடையில கிடக்கிற காத்துத் தாங்காமப் போற நேரம்தான் மின்னல்.

இப்ப விசயத்துக்கு வாறன். அந்தச் சவ்வரிசிதான் கீழ வரவர உருகிப் பெரும் பெரும் துளியா விழுது. அதாவது மின்னலை உண்டாக்கின அதே சாமான்தான் உங்கட கொட்டில் தகரத்தில அடிச்சதும். மேல அது கனக்கச் சேரேக்க மின்னல் கூடும், நிலத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும், அதனால மழை பிந்தும்.

கமக்காரன்:
சேர் சொல்லுறது விளங்குது, ஆனா நான் நாப்பது வருசமா வயலுக்க நிக்கிறன். எங்கயோ தூரத்து இடியெண்டாப் பரவாயில்ல, தலைக்கு மேல ஒண்டு வெடிச்சா அடுத்த நிமிசமே இறுக்கும். உது தற்செயல் எண்டு சொல்லாதேங்கோ.

பழைய வாத்தி:
தற்செயல் எண்டு நான் சொல்லேல்ல ஐயா. உங்களைப் போல பாத்த விஞ்ஞானியளும் இருக்கினம். 1960களில நியூ மெக்சிக்கோ மலையில மூர், வொனகட் எண்ட ஆக்கள் இதையே ரேடார் வச்சுப் பாத்தவை, மின்னல் வெட்டின கையோட மழை திடீரெண்டு பெருக்கிறதை. (அந்த வொனகட்தான் 1946இல செயற்கை மழைக்கு வெள்ளி அயடைட்டை முகிலுக்குத் தூவலாம் எண்டு கண்டுபிடிச்ச ஆள்.) மின்னல் விட்டுட்டுப் போற ஏற்றத்தால சின்னத் துளியள் ஒண்டையொண்டு இழுத்து ஒட்டிக் கெதியாப் பெரிசாகுது எண்டது அவையின்ர கருத்து. ஏற்றம் பட்ட துளி லேசா ஒட்டும் எண்டதை றெய்லி பிரபு 1879இலயே தண்ணித் தாரையில செய்து காட்டினவர். ஆனா முகிலுக்குள்ள அது எவ்வளவு வேலை செய்யுது எண்டதில இண்டைக்கும் இழுபறிதான்.

எனக்கு இடிக்கிறது ஒரு கணக்கு. மிகப் பெரிய மழைத்துளியே செக்கனுக்கு 9 மீற்றர்தான் விழும், சின்னன் எண்டா இன்னும் மெதுவா. 5 கிலோமீற்றர் இறங்க 9 நிமிசத்துக்கு மேல வேணும். கீழ்நோக்கிக் காத்துத் தள்ளினாக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்ப ஒரு நிமிசத்தில உங்களை நனைச்ச தண்ணி, மின்னல் வெட்டின நேரமே முகிலின்ர அடிப்பக்கத்துக்கு வந்திட்டுது. அந்த மின்னல் அதைச் செய்திருக்கேலாது, அந்தத் தண்ணியும் மின்னலும் ஒரே முகிலின்ர ஒரே கட்டத்தில வருகினம்.

முத்தையன்கட்டுத் தங்கச்சி:
அப்ப இடி இல்லாத மழை பெரிய மழை இல்லையோ சேர்? காளானுக்கு மட்டும் இடி வேணும் எண்டு அம்மம்மா சொல்லுறவ 😄

பழைய வாத்தி:
காளானை விடுங்கோ பிள்ளை, அது வேற கதை. வாடைக்காத்து மழை, தாழமுக்க மழை எல்லாம் கடல் ஈரத்தோட பரந்து வாற முகில். அதில காத்து மெதுவாத்தான் ஏறும். நான் சொன்ன அந்த 5 கிலோமீற்றர் உயரத்துக்குக் கீழயே, பனி தேவைப்படாம, துளி துளியோட ஒட்டி மழையாகிறதும் கூட. சவ்வரிசி குறைஞ்சா மின்னலும் குறைஞ்சுபோம், ஆனா முகில் மணிக்கணக்கா விடாம நிக்கும். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில கரை ஏறினது, அந்த மாதிரிப் புயலுகளில நடுப்பக்கம் மழை பேய் மாதிரி, மின்னல் வெளி வளையத்திலதான் கூட. கடலுக்கு மேல மின்னல் நிலத்தில விழுறதின்ர பத்தில ஒரு பங்குதான் வரும், மழைக்குக் குறைவில்ல. இடி சொல்லுறது முகிலின்ர உயரத்தை, குளம் வான் பாயுமோ எண்டதை இல்ல.

கமக்காரன்:
சரி சேர், கணக்குக்கு ஒத்துக்கொள்ளுறன். ஆனா இடிக்கேக்க வரம்பில மண்வெட்டியோட நிக்கிற பெடியளுக்கும் ஒண்டு சொல்லுங்கோ, பனைக்குக் கீழயும் ஒதுங்குறாங்கள்.

வட்டக்கச்சிப் பெடியன்:
நன்றி சேர். இண்டைக்கும் பின்னேரம் வந்தது, இந்தமுறை வீட்டுக்குள்ள இருந்து போனில நேரம் பாத்தனான், முத்தத்தில நேர்ச்சுவர் உள்ள பால்மா ரின்னும் வச்சனான். கிட்ட வெட்டின மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில 6 செக்கன், அதாவது 2 கிலோமீற்றர். மின்னல் ஆகக் கூட வெட்டினது 4.20க்கு, மழை ஆக இறுக்கினது 4.31க்கு. ரின்னில 38 மில்லிமீற்றர். அப்பப்பாவுக்குக் காட்டினன், "அதுதானே நான் சொன்னனான், இடி முதல், மழை பிறகு" எண்டு போட்டு வெத்திலையப் போட்டுக்கொண்டு போயிட்டார்.